இடைக்கோப்புகளின் வரலாறு

மும்பையின் துறைமுக ரயில் பாதையில், குர்லாவுக்கு முன்னால் வருகின்ற சுனாபட்டி நிலையத்தை நம்மவர் பலர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். இப்பெயரிலுள்ள 'பட்டி'யை நமது உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணிவிடலாகாது. 'சுனா' என்பது சுண்ணாம்பு. 'பட்டி' என்பது சூளை. நம் ஊர்ப்பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய் என்று எதனைச் சொல்கிறோமோ, அதுவே இவ்வூரின் பெயர்.

காளவாயில் நடைபெறும் காரியத்தைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் விட்டால் நீற்றிய சுண்ணாம்பு. அதனை மணலோடு அரைத்தால் சாந்து. கல்லுக்கும் சாந்துக்கும் நடுவே நிற்கின்ற சுட்ட சுண்ணாம்பு ஓர் இடைப்பொருள். அதனைக் காற்றுப்படத் திறந்து வைத்துவிட்டால், ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிச் சிறிது சிறிதாக வலுவிழந்து போகிறது. ஆனால் பார்வைக்கு அதே வெண்மைதான். இது எந்தக் கல்லிலிருந்து வந்தது, என்று சுட்டது என்பதனை அப்பொடி தானாகச் சொல்லாது. அருகிலிருந்து கவனித்தவன்தான் சொல்ல வேண்டும்.

நேயர்களே, நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது சுண்ணாம்பைப் பற்றியன்று. கணிப்பொறி நிரல்களை உருவாக்கும் தொழிலில் தோன்றும் இடைப்பொருள்களைப் பற்றி. செம்பூரிலும் மாதுங்காவிலும் சுனாபட்டியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிள்ளைகள் நிரல் எழுதும் உத்தியோகத்தில் இருக்கின்றனர். நள்ளிரவு கடந்தும் அவர்கள் திரையின் முன் அமர்ந்திருப்பதைக் காணும் பெற்றோர், "அப்படி என்னதான் வேலையோ!" என்று வியப்பதுண்டு. அந்த நேரத்தில் ஒரு பகுதி, ஏற்கெனவே திருத்தியாகிவிட்ட பிழையை மறுபடியும் தேடுவதிலே கழிகிறது என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். எனினும் அது உண்மை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு.

முதலில் தொழிலின் முறையைத் தெரிந்துகொள்வோம். நிரல் எழுதுபவர் மனிதர் படிக்கக்கூடிய ஒரு மொழியில் எழுதுகிறார். இதற்கு மூலக்கோப்பு என்று பெயர். கணிப்பொறிக்கு அம்மொழி நேராக விளங்காது. எனவே 'கம்பைலர்' என்னும் மொழிமாற்றி அதனை யந்திரத்தின் மொழிக்கு மாற்றி வேறொரு கோப்பிலே எழுதுகிறது. பெரிய நிரல் ஒன்றில் இத்தகைய மூலக்கோப்புகள் நூற்றுக்கணக்கில், ஏன், ஆயிரக்கணக்கிலும் இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் யந்திர மொழியில் ஒவ்வொரு கோப்பு. இறுதியில் அவையெல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டு முழு நிரலாகின்றன. மூலத்துக்கும் முழு நிரலுக்கும் நடுவே நிற்கும் இவற்றையே இடைக்கோப்புகள் என்று சொல்கிறேன். மூலத்தைத் திருத்திவிட்டு இடைக்கோப்பைப் புதுப்பிக்க மறந்தால், இணைப்பு வேலை பழைய இடைக்கோப்பைக் கொண்டு முறையாகவே நடந்தேறும். பழுது என்று எந்த அறிவிப்பும் வராது.

இந்த ஏற்பாடு எக்காலத்தில் வந்தது? ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் என்பாரின் குழுவினர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் போர்ட்ரான் மொழிமாற்றியில் நிரல் முழுவதையும் ஒருசேர மொழிமாற்ற வேண்டியிருந்தது. ஒரு வரியைத் திருத்தினாலும் முழுவதையும் மீண்டும் யந்திரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். யந்திர நேரமோ பொன்னினும் அரியது. ஆகவே 1958இல் வந்த இரண்டாம் போர்ட்ரானில், நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியே மாற்றிச் சேமித்து வைக்கும் வசதி செய்யப்பட்டது. இதனால் நேரம் மிச்சமாயிற்று. ஆனால், எந்தத் துண்டு புதியது, எது பழையது என்று நினைவு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு நிரல் எழுதுபவர் தலையில் ஏறிற்று.

நம் பம்பாயும் இந்த வரலாற்றுக்குப் புறம்பானதன்று. சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் தாமே வடிவமைத்துக் கட்டிய கணிப்பொறி 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962இல் நேரு அவர்கள் அதற்கு 'டிப்ராக்' என்று பெயர் சூட்டினார். அதற்கு நிரல்கள் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுக்கப்பட்டன. 1964இல் கொலாபாவிலுள்ள அதே நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் பெரிய யந்திரம் வந்து சேர்ந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அதனைப் பயன்படுத்தினர்.

துளை அட்டைகள் வழங்கிய அக்காலத்தில் நிரலாளர் ஒருவரிடம் இரண்டு அட்டைக் கட்டுகள் இருக்கக்கூடும். ஒன்று மூலக் கட்டு. மற்றது யந்திரம் துளையிட்டுக் கொடுத்த மாற்றிய கட்டு. மூலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கலாம். மாற்றிய கட்டிலோ துளைகள் மாத்திரமே. அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அறிய, கட்டின் மேல் மையினால் எழுதி வைத்த தேதியைத் தவிர வேறு வழியில்லை. தேதி எழுதத் தவறினால் அனுமானந்தான்.

மொழிபெயர்ப்பை ஜீவனமாகக் கொண்ட எனக்கு இந்தச் சங்கடம் அந்நியமானதன்று. ஆங்கில மூலத்தில் ஒரு விதி திருத்தப்படுகிறது. தமிழ்க் கைப்பிரதி பழைய மூலத்தைத் தழுவியது. அச்சுக்குப் போவது அந்தக் கைப்பிரதியிலிருந்து தட்டச்சிட்ட படி. மூன்றும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மூன்றும் தம்மளவில் பிழையற்றவை. தவறு தாளில் இல்லை. தாள்களுக்கு நடுவே உள்ள உறவில் இருக்கிறது. அந்த உறவையோ எந்தத் தாளிலும் எழுதி வைப்பதில்லை.

இதே உண்மையைக் கணிப்பொறித் துறையில் ஒருவர் ஆத்திரத்தோடு உணர்ந்த நாள் ஒன்று உண்டு. ஆண்டு 1976. இடம் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடம். அங்கே 'யாக்' என்னும் புகழ்பெற்ற கருவியை ஆக்கிய ஸ்டீவ் ஜான்சன், தம் சகாவாகிய ஸ்டூவர்ட் பெல்ட்மனின் அறைக்குள் விதியை நொந்துகொண்டே நுழைந்தார். பிழையற்ற நிரலொன்றில் பிழை தேடி அன்றைக் காலைப்பொழுது முழுவதையும் அவர் வீணாக்கியிருந்தார். பிழையை முன்னமே திருத்தியாயிற்று. ஆனால் திருத்திய கோப்பு மொழிமாற்றப்படவில்லை. பழைய இடைக்கோப்பே இணைப்பில் சேர்ந்துகொண்டிருந்தது. முந்திய நாள் மாலை பெல்ட்மனும் அதே தொல்லையில் அகப்பட்டிருந்தார். இதனைப் பிற்காலத்தில் சொன்னவர் பெல்ட்மனே. கோப்புகளின் சார்புகளைத் தானே ஆராய்ந்து கண்டுபிடிக்கும் விரிவான கருவி ஒன்றைத்தான் முதலில் எண்ணினாராம். அது சுருங்கிச் சுருங்கி, அந்த வாரக் கடைசிக்குள் 'மேக்' என்னும் சிறு நிரலாக உருவெடுத்தது. 'மேக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'செய்' என்று பொருள். எத்தனையோ கடினமான கலைச்சொற்களோடு போராடும் எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருக்கிறது.

மேக் செய்யும் காரியம் எளிது. இன்ன கோப்பு இன்ன கோப்புகளைச் சார்ந்தது, அதனை உருவாக்கும் கட்டளை இது என்று நிரலாளர் ஒரு பட்டியல் எழுதி வைக்கிறார். மேக் அப்பட்டியலைப் படிக்கிறது; ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தைக் கணிப்பொறியின் பதிவிலிருந்து பார்க்கிறது. மூலம் இடைக்கோப்பைக் காட்டிலும் புதியதாக இருந்தால் அந்தக் கட்டளையை நடத்துகிறது. இல்லையேல் சும்மா விட்டுவிடுகிறது. அட்டைக் கட்டின் மேல் மையினால் எழுதிய தேதியை இப்போது யந்திரமே குறித்து வைத்து, யந்திரமே ஒப்பிட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். பெல்ட்மன் இதனை விவரித்து 1979இல் கட்டுரை வெளியிட்டார். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கமான ஏ.சி.எம். இதற்காக அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது.

மேக் பட்டியலில் கட்டளை வரியைத் தட்டச்சின் டாப் விசையைக் கொண்டே தொடங்க வேண்டும் என்பது ஒரு விசித்திரமான விதி. கண்ணுக்குப் புலப்படாத இந்த இடைவெளிக்குப் பதிலாகச் சாதாரண இடைவெளியை இட்டுவிட்டு விழித்தவர்கள் எண்ணற்றோர். இதனை மாற்றலாமே என்று பெல்ட்மனே சில வாரங்களில் எண்ணினாராம். அதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவரின் பொருட்டு, பின்னால் வந்தவர் அனைவரும் அதனைச் சுமந்து வருகின்றனர்.

இனி மேக் தீர்க்காமல் விட்ட தொல்லைகளைக் காண்போம். பட்டியலை எழுதுபவர் மனிதர் என்பதுதான் முதல் தொல்லை. சி மொழியில், பல மூலக்கோப்புகளுக்குப் பொதுவான விவரங்களைத் 'தலைப்புக் கோப்பு' என்று தனியே எழுதி வைப்பது வழக்கம். சம்பளக் கணக்கு நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊழியர் பெயருக்கு இருபது எழுத்துகள், அதனையடுத்துச் சம்பளம் என்று தலைப்புக் கோப்பு கூறுகிறது. இருபது எழுத்துகள் நம்மவர் பெயர்களுக்குப் போதாது என்று ஒருவர் அதனை முப்பதாக மாற்றுகிறார். அத்தலைப்பைப் பயன்படுத்தும் இரு மூலக்கோப்புகளில் ஒன்றுக்கு மட்டுமே சார்பு பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. மற்றதற்கு எழுத விட்டுப்போயிற்று. விளைவு என்ன? ஒரு பகுதி முப்பது எழுத்துக் கணக்கில் எழுதுகிறது. மற்றொரு பகுதி இருபத்தோராம் எழுத்திலிருந்து சம்பளத்தைத் தேடுகிறது. நீளமான பெயருடையவரின் பெயரெழுத்தே அங்கே சம்பளமாகப் படிக்கப்படும். இரண்டு இடைக்கோப்புகளும் இடையூறின்றி இணைந்துவிடும். மூலத்தை எத்தனை முறை படித்தாலும் பிழை தென்படாது. ஏனெனில் மூலத்தில் பிழையே இல்லை.

இதற்குப் பரிகாரம் மொழிமாற்றியிடமே இருந்தது. எந்தெந்தத் தலைப்புக் கோப்புகளைத் திறந்து படித்தோம் என்பது அதற்குத்தான் ஐயமின்றித் தெரியும். ஆகவே மொழிமாற்றும்போதே அந்தப் பட்டியலையும் ஒரு கோப்பில் எழுதித்தரச் செய்தனர். இன்று வழங்கும் மொழிமாற்றிகள் பெரும்பாலும் இதனைச் செய்கின்றன. ஆனால் மூலத்தை மனிதர் எழுதாமல் வேறொரு நிரல் எழுதும்போது சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது.

முன்னே சொன்ன யாக் அத்தகையது. இலக்கண விதிகளைக் கொடுத்தால் அது சி மொழியில் ஒரு மூலக்கோப்பை எழுதித்தரும். கேட்டால் ஒரு தலைப்புக் கோப்பையும் எழுதித்தரும். இங்கே சி மொழிக் கோப்பே இடைக்கோப்பாகிவிடுகிறது. தலைப்பு இன்னும் பிறக்கவில்லையாதலால் அதனைச் சார்ந்த கோப்புகளை முதல் முறை மொழிமாற்ற இயலாது. எதனை முதலில் செய்வது என்பதனையாவது மனிதர் எழுதியே தீரவேண்டும். பிறந்த பின்னரும் வேறொரு துன்பம். இலக்கணத்தில் அற்பமான ஒரு திருத்தம் செய்தாலும் யாக் தலைப்புக் கோப்பைப் புதிதாக எழுதிவிடுகிறது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நேரம் மாத்திரம் மாறிவிட்டது. மேக் நேரத்தையே நம்புவதால், அதனைச் சார்ந்த கோப்புகள் அனைத்தையும் வீணே மறுபடி மாற்றுகிறது.

கெர்னிகனும் பைக்கும் 1984இல் வெளியிட்ட யூனிக்ஸ் பற்றிய நூலில் இதற்கு ஓர் அழகிய தந்திரத்தைக் கையாண்டிருக்கின்றனர். யாக் எழுதிய தலைப்பை நேரடியாகப் பயன்படுத்தாமல், அதன் நகல் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொள்வது. இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் நகலைப் புதுப்பிப்பது. நேரத்துக்குப் பதிலாகப் பொருளைப் பார் என்னும் எண்ணம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அதற்குத் தகுந்த பெருமை கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1980களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் ராலண்ட் மக்ராத்தும் எழுதிய க்னூ மேக் என்னும் பதிப்பு இடைக்கோப்புகளை வேறொரு விதமாக நடத்தியது. இலக்கணக் கோப்பிலிருந்து சி மொழிக் கோப்பு, அதிலிருந்து யந்திரக் கோப்பு என்று சங்கிலியை அது தானே ஊகித்துக்கொள்ளும். பட்டியலில் பெயர் குறிப்பிடாத நடுக்கண்ணியை வேலை முடிந்ததும் அழித்துவிடும். அடுத்த முறை நடுக்கண்ணி இல்லையே என்று அது கலங்குவதில்லை. பேரன் தாத்தாவுக்குப் பின் பிறந்தவனா என்று மட்டும் பார்க்கும். தந்தை இப்போது வீட்டில் இருக்கிறாரா என்பது அதற்குப் பொருட்டன்று.

இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். வட்டில் இடம் சுருக்கமாயிருந்த நாளில் பயனுள்ளதும்கூட. எனினும் இரண்டு விதங்களில் மனிதரைத் தவிக்க வைத்தது. ஆறு மணி நேரம் கணக்கிட்டுப் பெற்ற இடைக்கோப்பை இறுதி அட்டவணை எழுதியதும் அழித்துவிட்டால், மூலத்தில் சிறு திருத்தம் நேர்ந்தாலும் அந்த ஆறு மணி நேரத்தை மீண்டும் செலவிட வேண்டும். சோதித்துப் பார்க்கவும் அது கிடைக்காது. மேலும், நடுக்கண்ணியை உருவாக்கும் கருவியையே நாம் மாற்றிவிட்டால், அக்கருவியின் பெயர் பட்டியலில் இல்லாதவரை மேக் அதனை உணராது. தாத்தாவும் பேரனும் அப்படியே இருப்பதைக் கண்டு எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். இவற்றில் முதல் குறைக்கு, அழிக்கலாகாத கோப்புகளைப் பெயர் சொல்லி விலக்கும் சிறப்புக் குறிகளைப் பின்னர் சேர்த்தனர்.

நேரத்தை நம்புவதிலும் பல அபாயங்கள் உண்டு. வலைப்பின்னலில் கோப்பு ஒரு யந்திரத்திலும் மேக் வேறொரு யந்திரத்திலும் இருந்து, இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் புதியது பழையதாகவும் பழையது புதியதாகவும் தோன்றும். பழைய பிரதி ஒன்றை அதன் பழைய தேதியோடு மீட்டெடுத்தால், உள்ளடக்கம் மாறியிருந்தும் அது பழையதென்றே மேக் எண்ணும். மொழிமாற்றம் பாதியில் பழுதுபட்டு அரைகுறைக் கோப்பு ஒன்று எஞ்சிவிட்டால், அதன் நேரம் புதியது. எனவே அது முழுமையானதாகவே மதிக்கப்படலாம்.

1998இல் ஆஸ்திரேலியரான பீட்டர் மில்லர் வேறொரு குறையை எடுத்துக்காட்டினார். பெரிய நிரல்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்து, ஒரு மேக் மற்றொரு மேக்கை அழைப்பது அக்காலத்துப் பொதுவழக்கம். அப்படிச் செய்தால் முழுச் சார்பையும் அறிந்தவர் எவரும் இல்லாமற் போகின்றனர் என்பது அவர் வாதம். ஒரு பிரிவில் பிறக்கும் இடைக்கோப்பை மற்றொரு பிரிவு பயன்படுத்தும் செய்தி இரண்டு பட்டியல்களிலும் இராது. இதனைச் சரிக்கட்டுவதற்காக ஒரே வேலையை இருமுறை மும்முறை நடத்துவோரும் இருந்தனர்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து செய்வது என்னும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. சந்தேகம் வந்ததா? இடைக்கோப்புகள் அனைத்தையும் அழி, மீண்டும் கட்டு. சிறிய நிரலுக்கு இது குற்றமன்று. மணிக்கணக்கில் கட்டப்படும் பெரிய நிரலிலோ, இது 1957ஆம் ஆண்டின் நிலைக்கே திரும்பிப்போவதாகும். பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அது மறைந்தும் போகிறது. மருந்தின் பெயர் அறியாமல் குணமான நோயைப் போன்றது அது. திரும்பி வராது என்பதற்கு உத்தரவாதமில்லை.

இருபத்தோராம் நூற்றாண்டில் வந்த கருவிகள் நேரத்தை விட்டுப் பொருளைப் பார்க்கத் தலைப்பட்டன. 2000ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றில் பரிசு பெற்ற திட்டத்திலிருந்து வளர்ந்த ஸ்கான்ஸ் என்பது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணைக் கைரேகைபோல் பதிந்து வைத்து ஒப்பிடுகிறது. இதில் ஒரு நயம் உண்டு. மூலத்தில் ஒரு குறிப்புரையை மட்டும் திருத்தினால், மொழிமாற்றிய இடைக்கோப்பு முன்போலவே அமைவதுண்டு. அப்போது கைரேகை மாறவில்லையென்று கண்டு, மேற்கொண்டு இணைக்கும் வேலையை அத்துடன் நிறுத்திவிடலாம். கூகிள் நிறுவனத்தின் குரோம் உலாவிக்காக ஈவன் மார்ட்டின் எழுதிய நிஞ்சா, நேரத்தையே ஒப்பிட்டாலும், ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் பிறந்தது என்பதனையும் எழுதி வைத்து, கட்டளை மாறினாலும் கோப்பை மாற்றுகிறது. அதே நிறுவனம் 2015இல் பொதுவில் வெளியிட்ட பேசல் இன்னும் கண்டிப்பானது. பட்டியலில் அறிவிக்காத கோப்பு கண்ணிலே படாதபடி தனியறையில் அடைத்து ஒவ்வொரு வேலையையும் நடத்த அது முயல்கிறது. சார்பை எழுத மறந்தவருக்கு அன்றே வேலை நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் தெரிய வராது. கண்டிப்பான தலைமைக் குமாஸ்தாவின்கீழ் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இத்தனை வந்தும் மேக் மறையவில்லை. ஒரே கட்டளையால் இரண்டு கோப்புகள் பிறக்கும் யாக்கின் நிலையை முறையாகச் சொல்லும் வசதி க்னூ மேக்குக்கு 2020இல்தான் கிடைத்தது. 'இஃது இடைக்கோப்பு அன்று' என்று ஒரு கோப்பைப் பெயர் சொல்லி அறிவிக்கும் குறி 2022இல் வந்தது. உலகெங்கும் பரவியுள்ள லினக்ஸின் கருநிரல் இன்றும் மேக்கைக் கொண்டே கட்டப்படுகிறது. ஆனால் அதனைக் கட்டி வருவோர் மேக்கின் நேரக் கணக்கை மட்டும் நம்பியிருக்கவில்லை. அங்கே மொழிமாற்றிப் பெற்ற ஒவ்வோர் இடைக்கோப்பின் பக்கத்திலும், சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தென்படாத ஒரு சிறு கோப்பு இருக்கிறது. அந்த இடைக்கோப்பை உருவாக்கிய கட்டளையும், அது சார்ந்திருக்கும் கோப்புகளின் பெயர்களும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன.